1.2 டிகிரி எப்படி 3 டிகிரி ஆகிறது?

மேடையில் பேசுகிறவர் மைக்கைக் கையில் பிடித்தபடி ஸ்பீக்கருக்கு முன்னால் நடந்து போனால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். 'கீ...' என்று காதைக் கிழிக்கும் ஓர் ஊளை. யாரும் கத்தவில்லை, யாரும் எந்தக் குமிழையும் திருகவில்லை. அரங்கில் எங்கோ ஒரு நாற்காலி நகர்ந்த சத்தம் மைக்குக்குள் போயிருக்கும். ஆம்ப்ளிஃபயர் அதைக் கொஞ்சம் பெரிதாக்கி ஸ்பீக்கர் வழியாக வெளியே விடும். பெரிதான அந்தச் சத்தம் மறுபடி மைக்குக்குள் நுழையும், இன்னும் பெரிதாகும், மறுபடி நுழையும். இரண்டு நொடியில் நாற்காலிச் சத்தம் ஊளையாகிவிடும்.

வெளியே போனது சுற்றி வந்து உள்ளே நுழைகிறது, அதுதான் இங்கே விஷயம். இதற்குப் பின்னூட்டம் என்று பெயர். 'ஃபீட்பேக்' என்றதும் நமக்கு வாடிக்கையாளரிடம் கேட்கும் கருத்துதான் நினைவுக்கு வரும். அறிவியலில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. ஒரு மாற்றத்தின் விளைவு திரும்பி வந்து அதே மாற்றத்தைக் கூட்டினால் நேர்மறைப் பின்னூட்டம். குறைத்தால் எதிர்மறைப் பின்னூட்டம்.

இந்தப் பெயர்களில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நேர்மறை என்று கேட்டவுடன் ஏதோ நல்ல செய்தி என்று தோன்றிவிடுகிறது. பூமி சூடாகும் விஷயத்தில் கதையே தலைகீழ்: நேர்மறைதான் சிக்கலைப் பெரிதாக்குகிறது, எதிர்மறைதான் நம்மைக் காப்பாற்றுகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் 'ஏற்றிவிடும் சுழற்சி', 'அடக்கும் சுழற்சி' என்றே எழுதுகிறேன். பாடப்புத்தகத்தில் வேறு பெயரில் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

முதலில் அடக்குகிற ஒன்றைப் பார்த்துவிடுவோம். மற்ற எல்லாமே அதை எதிர்த்துத்தான் வேலை செய்கின்றன. சூரியனிடமிருந்து பூமிக்கு ஒளி வருகிறது. பூமி அதை வாங்கிச் சூடாகி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக விண்வெளிக்கே திருப்பி அனுப்புகிறது. எந்தப் பொருளும் சூடாகச் சூடாக அதிகக் கதிர் வீசும். அதுவும் சும்மா இல்லை, வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப வீசும். 1879-இல் ஸ்டெஃபான் கண்டுபிடித்து, பின்னர் போல்ட்ஸ்மான் கோட்பாட்டு வழியில் நிறுவிய விதி இது. பூமி 1 டிகிரி சூடானால், ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 3.2 வாட் வெப்பம் கூடுதலாக வெளியேறும். அதாவது, பூமி சூடாவதே அது குளிர்வதற்கான வழியையும் திறந்துவிடுகிறது. இந்த பிரேக் இல்லாவிட்டால் நாம் இங்கே உட்கார்ந்து கட்டுரை படித்துக்கொண்டிருக்க மாட்டோம்.

சரி, இப்போது கரியமில வாயுவுக்கு வருவோம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சம் மூலக்கூறுகளை எண்ணினால் அதில் ஏறக்குறைய 280 கரியமில வாயுவாக இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அது இரு மடங்காக, 560 ஆனால், வெளியேற வேண்டிய வெப்பத்தில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3.9 வாட் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஒரு டிகிரி சூடேறினால் 3.2 வாட் வெளியேறும் என்று பார்த்தோம். அப்படியானால் 3.9 வாட்டை வெளியேற்ற எத்தனை டிகிரி சூடேற வேண்டும்? வகுத்துப் பாருங்கள், 1.2 டிகிரி வரும்.

பயப்படும்படியான எண் இல்லை. ஆனால் ஐ.நா.வின் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு 2021-இல் வெளியிட்ட அறிக்கை, கரியமில வாயு இரு மடங்கானால் பூமி சுமார் 3 டிகிரி சூடாகும் என்கிறது. 2.5-இலிருந்து 4-க்குள் இருக்க வாய்ப்பு அதிகம் என்றும் சொல்கிறது. நம் வகுத்தல் கணக்கில் 1.2, அறிக்கையில் 3. மீதி 1.8 டிகிரியைக் கொண்டுவந்து சேர்ப்பவைதான் ஏற்றிவிடும் சுழற்சிகள்.

அவற்றில் பெரியது நீராவி. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்: காற்றில் அதிகமாக வெப்பத்தைப் பிடித்துவைப்பது கரியமில வாயு அல்ல, நீராவிதான். "அப்படியானால் ஏன் கரியமில வாயுவைத் திட்டுகிறீர்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். குளிர்ந்த நீர் ஊற்றிய கண்ணாடி டம்ளரைக் கொஞ்ச நேரம் மேசையில் வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் முதலில் மங்கும், பிறகு முத்து முத்தாக வியர்க்கும், பிறகு இரண்டு முத்துகள் சேர்ந்து கோடாக வழியும். டம்ளர் ஒழுகவில்லை. சுற்றியிருந்த காற்று குளிர்ந்தது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு நீராவியைத் தாங்க முடியவில்லை, கீழே போட்டுவிட்டது. மழையும் இதே கதைதான். கடலிலிருந்து மேலே போகும் ஒரு நீராவி மூலக்கூறு சராசரியாக ஒன்பது, பத்து நாளில் கீழே இறங்கிவிடும். நாம் எவ்வளவு நீராவியைக் காற்றில் கலந்தாலும் அதிகமானது விழுந்துவிடும். காற்றில் எவ்வளவு நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான்.

கரியமில வாயு அப்படி இல்லை. பூமியில் நிலவும் எந்தக் குளிரிலும் அது மழையாகவோ பனியாகவோ விழாது. ஒருமுறை கலந்தால் அதில் கணிசமான பங்கு நூற்றாண்டுகளுக்கு அங்கேயே நிற்கும். அது சூட்டைக் கொஞ்சம் ஏற்றும். காற்று 1 டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அந்த நீராவி தன் பங்குக்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். காற்று இன்னும் சூடாகும், இன்னும் நீராவி சேரும். தொடங்கிவைப்பது கரியமில வாயு, ஏற்றிவிடுவது நீராவி. சுவீடன் வேதியியலர் அர்ரேனியஸ் 1896-இலேயே, கையால் கணக்குப் போட்ட காலத்தில், இந்தச் சுழற்சியைத் தன் கணக்கில் சேர்த்திருந்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இதைச் சோதித்துப் பார்க்க முடியுமா? பூமி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, ஆய்வகத்தில் வைத்துச் சூடாக்க முடியாது. ஆனால் 1991 ஜூனில் பிலிப்பைன்ஸில் பினடுபோ எரிமலை வெடித்து, அந்தச் சோதனையை நமக்காகச் செய்து காட்டியது. அது கக்கிய கந்தக டை ஆக்சைடு மழை மேகங்களுக்கும் மேலே போய், நுண்துளிகளாக மாறி, உலகம் முழுவதும் ஒரு மெல்லிய திரைபோலப் பரவியது. சூரிய ஒளி கொஞ்சம் தடைபட்டது. அடுத்த ஆண்டில் உலகின் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி இறங்கியது. செயற்கைக்கோள்கள் அப்போது நீராவியையும் அளந்துகொண்டிருந்தன. எதிர்பார்த்தபடியே அதுவும் குறைந்தது. 2002-இல் வந்த ஓர் ஆய்வில் கணினி மாதிரியை இரண்டு விதமாக ஓட்டினார்கள்: நீராவிச் சுழற்சியோடு ஒருமுறை, அதை அணைத்துவிட்டு ஒருமுறை. அணைத்து ஓட்டியபோது, உண்மையில் நடந்த அளவுக்குக் குளிர்ச்சி வரவில்லை. அணைக்காமல் ஓட்டியபோது கணக்கு பொருந்தியது. ஏற்றிவிடும் சுழற்சி சூட்டை மட்டும் அல்ல, குளிர்ச்சியையும் ஏற்றிவிடும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அதற்குத் திசை பற்றி அக்கறை இல்லை.

அடுத்தது பனிக்கட்டி. புதிதாக விழுந்த பனி தன்மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். திறந்த கடல்நீரோ 90 சதவீதத்துக்கும் மேல் உள்ளே வாங்கிக்கொள்ளும். வெயிலில் வெள்ளைச் சட்டைக்கும் கறுப்புச் சட்டைக்கும் உள்ள வித்தியாசத்தை விட இது அதிகம். ஆர்க்டிக் கடலில் கோடை தொடங்கும்போது பனிக்கட்டியின் மேல் சின்னச் சின்னக் குட்டைகள் உருவாகும். மேலிருந்து பார்த்தால் வெள்ளைத் தாளில் நீல மை சிந்தியதுபோல் இருக்கும். அந்த நீலம் சுற்றியுள்ள வெள்ளையை விட அதிக வெயிலைக் குடிக்கும். குட்டை ஆழமாகும், அகலமாகும், ஒருநாள் அடிப்பக்கம் ஓட்டை விழுந்து கடலோடு சேர்ந்துவிடும். வெள்ளை இருந்த இடத்தில் இப்போது கறுத்த தண்ணீர். அது சூடாகி, பக்கத்துப் பனிக்கட்டியை ஓரத்திலிருந்தும் அடியிலிருந்தும் தின்னத் தொடங்கும்.

ஆர்க்டிக் கடற்பனி ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில்தான் மிகக் குறைவாக இருக்கும். 1981 முதல் 2010 வரையிலான காலத்தில் அந்தக் குறைந்தபட்சத்தின் சராசரி சுமார் 62 லட்சம் சதுர கிலோமீட்டர். 2012 செப்டம்பரில் அது சுமார் 34 லட்சமாகச் சுருங்கியது. 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி உலக சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சூடாகியிருக்கிறது. அதற்குப் பனி உருகல் ஒன்று மட்டுமே காரணம் இல்லை என்றாலும், முக்கியமான காரணம்.

இதில் ஒரு வேடிக்கை. வெயிலை உறிஞ்சுவதால்தான் சூடேறுகிறது என்றால், ஆர்க்டிக் கோடையில்தானே அதிகம் சூடாகியிருக்க வேண்டும்? உண்மையில் அங்கே இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும்தான் சூடு அதிகம் ஏறியிருக்கிறது, சூரியனே தலைகாட்டாத மாதங்களில். கோடையில் குடித்த வெப்பத்தைக் கடல் உடனே வெளியே காட்டுவதில்லை. பனியை உருக்குவதிலும் தண்ணீரைச் சூடாக்குவதிலும் அது செலவாகிறது. அப்புறம் இருள் சூழ்ந்து காற்று குளிர்ந்ததும், மெலிந்துபோன பனிக்கட்டியின் ஊடாக அந்த வெப்பத்தைக் கடல் காற்றுக்குக் கொடுக்கிறது. கடன் வாங்கியது கோடையில், வட்டியோடு கட்டுவது குளிர்காலத்தில்.

உலகம் முழுவதற்குமாகப் பார்த்தால் பனியின் பங்கு நாம் நினைப்பதை விடச் சிறியது, நீராவியின் பங்கில் ஏறக்குறைய கால்வாசி. துருவங்களில் வெயில் சாய்வாக விழுகிறது, அந்தப் பரப்பும் குறைவு. உருகும் பனியின் படங்கள் செய்திகளில் நிறைய வருவதால் அதுதான் முதன்மை என்று தோன்றிவிடுகிறது. நீராவியைப் படம்பிடிக்க முடியாதே!

இப்போது ஒரு சந்தேகம் வரும், வர வேண்டும். சூடேறினால் நீராவி, நீராவியால் சூடு, சூட்டால் இன்னும் நீராவி. இது மைக் ஊளை மாதிரி முடிவே இல்லாமல் போகாதா? ஒரு சின்னக் கணக்கில் இதற்குப் பதில் இருக்கிறது. எல்லாச் சுழற்சிகளும் சேர்ந்து, ஏறிய ஒவ்வொரு டிகிரிக்கும் 0.6 டிகிரி கூடுதலாகக் கொடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலில் 1.2 டிகிரி. அது 0.72-ஐக் கொண்டுவரும், மொத்தம் 1.92. அந்த 0.72 தன் பங்குக்கு 0.43-ஐக் கொண்டுவரும், மொத்தம் 2.35. அடுத்தது 0.26, அதற்கடுத்து 0.16. ஒவ்வொரு சுற்றிலும் வந்து சேர்வது இளைத்துக்கொண்டே போகும். எத்தனை சுற்று போனாலும் மொத்தம் 3-ஐத் தாண்டாது.

ஸ்பீக்கரை மைக்கிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தால் ஊளை வராது, ஆனால் பேசுகிறவரின் குரல் வழக்கத்தை விடத் தடித்து, கணீரென்று ஒலிக்கும் இல்லையா? அதுபோலத்தான். சுழற்சி இருக்கிறது, பெருக்கலும் இருக்கிறது, கட்டுமீறல் இல்லை. திரும்பி வரும் பங்கு 1-ஐத் தொட்டால்தான் ஊளை. வெள்ளி கிரகத்தில் என்றோ கடல் இருந்திருந்தால், அது இப்படிக் கட்டுமீறிய நீராவிச் சுழற்சியில்தான் ஆவியாகிப் போயிருக்கும் என்று கருதுகிறார்கள். இன்று அங்கே தரையில் சுமார் 460 டிகிரி. பூமி அந்த விளிம்பில் இல்லை.

ஆனால் அந்த 0.6-ஐக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். 0.5 என்றால் இறுதி விடை 2.4 டிகிரி. 0.7 என்றால் 4 டிகிரி. 0.8 என்றால் 6. ஒவ்வொரு முறையும் கூட்டியது வெறும் 0.1 தான், விடை மட்டும் மேலும் மேலும் பெரிதாகத் தாவுகிறது. காலநிலை அறிவியலாளர்கள் சொல்லும் எண்களில் மேல்பக்கம் மட்டும் நீளமாக இழுபடுவது இதனால்தான். அவர்கள் மழுப்புவதாக நினைப்பது அநியாயம். ஒரு சிறு தசம வித்தியாசம்கூட இந்தக் கணக்கில் பெரிதாகிவிடுகிறது.

அந்தத் தசமத்தில் பிடிவாதமாக விடைகொடுக்காமல் இருந்தது மேகம். தாழ்வான, தடித்த, வெள்ளை மேகங்கள் குடைபோல வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன. கலிஃபோர்னியா, பெரு, நமீபியா கரைகளுக்கு அப்பால் கடல்மேல் விரிந்து கிடப்பவை இந்த ரகம். மிக உயரத்தில் இழை இழையாகத் தெரியும் மெல்லிய மேகங்களோ, வெயிலைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிட்டு, கீழிருந்து வெளியேறும் வெப்பத்தைப் போர்வைபோலத் தடுக்கின்றன. இன்றைய நிலையில் எல்லா மேகங்களையும் கூட்டிக் கழித்தால் பூமியைக் குளிர்விக்கின்றன. சூடான உலகில் குடை சுருங்குமா, போர்வை தடிக்குமா என்பதுதான் கேள்வி. மேகத்தின் ஒரு துளி, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அகலம். கணினி மாதிரியின் ஒரு கட்டமோ பெரும்பாலும் பல பத்து கிலோமீட்டர் அகலம். அந்த இடைவெளியை நிரப்புவது எளிதல்ல. 1979-இல் அமெரிக்காவில் சார்னி தலைமையிலான அறிவியல் குழு, கரியமில வாயு இரு மடங்கானால் 1.5 முதல் 4.5 டிகிரி என்றது. அதன்பின் நாற்பது ஆண்டுகள் அந்த வரம்பு பெரிதாகச் சுருங்கவில்லை. பெரும்பாலும் மேகத்தின் கைங்கரியம். 2021 அறிக்கைதான், மேகங்களும் மொத்தத்தில் ஏற்றிவிடும் பக்கமே நிற்கின்றன என்று உறுதியோடு சொல்லி வரம்பைச் சுருக்கியது.

இதுவரை சொன்னவை எல்லாம் காற்றில் கரியமில வாயுவின் அளவைப் பிடித்து நிறுத்திவிட்டுப் போட்ட கணக்கு. அந்த அளவையே மாற்றிவிடும் சுழற்சிகள் தனி. சைபீரியா, அலாஸ்கா, வட கனடா நிலப்பகுதிகளில் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண் இருக்கிறது, பெர்மாஃப்ராஸ்ட் என்பார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செத்து விழுந்த செடியும் வேரும் விலங்கும் மக்காமல், குளிர்பெட்டியில் வைத்ததுபோல அதற்குள் இருக்கின்றன. மொத்தம் சுமார் 1.5 லட்சம் கோடி டன் கார்பன். இப்போது காற்றில் இருக்கும் கார்பனைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். மண் இளகினால் நுண்ணுயிரிகள் விழித்துச் சாப்பிடத் தொடங்கும். காற்றுப் படும் இடத்தில் கரியமில வாயு வரும். தண்ணீர் தேங்கிய சேற்றில் மீத்தேன் வரும். அலாஸ்காவின் ஏரிகளில் குளிர்காலத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம்: கண்ணாடிபோல் உறைந்த மேற்பரப்புக்கு அடியில் வெள்ளை வெள்ளையாய்த் தட்டையான குமிழிகள் அடுக்கடுக்காகச் சிக்கியிருக்கும். ஆய்வாளர்கள் பனியில் ஓட்டை போட்டு நெருப்பைக் காட்டினால், ஆள் உயரத்துக்குத் தீ எழும்பும்.

இதைச் சிலர் 'மீத்தேன் வெடிகுண்டு' என்று எழுதுகிறார்கள். படிக்க விறுவிறுப்பாக இருக்கும், அவ்வளவுதான். எல்லாம் ஒரே நாளில் வெளியேறும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பல பத்தாண்டுகள், நூற்றாண்டுகளில் கசியும் என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. கசிவு மெதுவானது என்பதால் அது சின்ன விஷயம் ஆகிவிடாது. நாம் புகையை நிறுத்திய பிறகும் அது நிற்காது.

எதிர்ப்பக்கமும் ஆள் இருக்கிறது. நாம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய பாதியைக் கடலும் செடிகொடிகளும் வாங்கிக்கொள்கின்றன. காற்றில் கரியமில வாயு கூடினால் பல செடிகள் வேகமாக வளர்கின்றன, கடலிலும் அதிகம் கரைகிறது. இது அடக்கும் சுழற்சி. ஆனால் சூடான சோடாவைத் திறந்தால் வாயு எப்படிப் பொங்கிக்கொண்டு வெளியேறும் என்று பார்த்திருப்பீர்கள். கடல் சூடாகச் சூடாக அதன் பிடியும் அதேபோலத் தளரும்.

பழைய காலத்திலும் இந்த நாடகம் நடந்திருக்கிறது. 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதை விட 120 மீட்டர் கீழே இருந்தது. அதிலிருந்து பூமி மீண்டதற்குத் தொடக்கப்புள்ளி, சுற்றுப்பாதையிலும் அச்சின் சாய்விலும் நேர்ந்த சிறு மாற்றங்கள். அவை ஆண்டு முழுவதற்கும் கிடைக்கும் மொத்த வெயிலை மாற்றவே இல்லை என்று சொல்லிவிடலாம். எந்த இடத்தில், எந்தப் பருவத்தில் வெயில் விழுகிறது என்பதைத்தான் மாற்றின. அந்தச் சின்ன உந்துதலில் கொஞ்சம் பனி உருகியது, கடல் கரியமில வாயுவை வெளியிட்டது, 180-இல் இருந்த அளவு 280-க்கு ஏறியது, மேலும் பனி உருகியது. "அண்டார்க்டிகாவின் பழைய பனியைத் துளையிட்டு எடுத்த சான்றுகளில் முதலில் சூடு, பிறகுதான் கரியமில வாயு, ஆக அது காரணமே இல்லை" என்று ஒரு வாதம் அடிக்கடி கண்ணில் படும். சுழற்சி என்பதே அதுதானே? அன்று அது இரண்டாவதாக வந்து ஏற்றிவிட்டது. இன்று நாம் அதையே முதலில் உள்ளே அனுப்புகிறோம்.

எல்லாவற்றையும் விட மெதுவான பிரேக் பாறையில் இருக்கிறது. மழைத்துளி காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிப் பாறையை அரிக்கும். அரிந்தது ஆற்றோடு கடலுக்குப் போய்ச் சுண்ணாம்புக்கல்லாகப் படியும். சூடு கூடினால் மழையும் அரிப்பும் கூடும், காற்றிலிருந்து கரியமில வாயு வேகமாக இறங்கும், பூமி குளிரும். வாக்கர், ஹேஸ், காஸ்டிங் என்ற மூன்று அறிவியலாளர்கள் 1981-இல் இதை விளக்கினார்கள். நன்றாக வேலை செய்யும் பிரேக்தான், ஆனால் மிதித்த பிறகு வண்டி நிற்கப் பல லட்சம் ஆண்டுகள் ஆகும்.

அந்த பிரேக் விட்டுப்போனதும் உண்டு. 72 கோடி ஆண்டுகளுக்கும் 63.5 கோடி ஆண்டுகளுக்கும் இடையில், பனி துருவங்களிலிருந்து இறங்கி வந்து, இரண்டு முறை நிலநடுக்கோடு வரை மூடியது. வெள்ளை கூடக் கூடக் குளிர், குளிர் கூடக் கூட வெள்ளை. மழை ஏறக்குறைய நின்றது, பாறை அரிப்பும் நின்றது. எரிமலைகள் மட்டும் பனிக்கு நடுவே கரியமில வாயுவைக் கக்கிக்கொண்டே இருந்தன. இறக்கிவிட ஆள் இல்லாததால் அது லட்சக்கணக்கான ஆண்டுகளாகக் காற்றில் குவிந்தது. கடைசியில் பனி தோற்றது. நமீபியாவின் பாறைச் சரிவுகளில் இன்றும் அதைப் பார்க்கலாம். கீழே, பனியாறு இழுத்து வந்து கொட்டிய கரடுமுரடான கற்கள். அதற்கு நேர் மேலே, இடையில் எதுவும் இல்லாமல், பல மீட்டர் தடிப்பில் வெளிறிய கார்பனேட் பாறை. அன்று காற்றில் குவிந்து, மழை இறக்கி, கடல் படியவைத்த கார்பன் அது.